முறையைச் சோதிப்போம்!

ஒரு கைப்பேசிக் கோபுரத்தின் கீழ் பலர் ஒரே சமயத்தில் பேசுகின்றனர். வான்வெளியோ எல்லாருக்கும் பொது. ஆயினும் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சோடு கலப்பதில்லையே, ஏன்?

பங்கீடுதான் காரணம். ஆளுக்கோர் அதிர்வெண் கொடுக்கலாம். பண்பலை நிலையங்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இப்படித்தான் இடம் பிரித்துக்கொண்டுள்ளன. முறை வைத்தும் பேசலாம். ஜி.எஸ்.எம். கைப்பேசியில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தடத்தை எட்டுப் பேர், சுமார் 0.577 மில்லிவினாடித் துண்டுகளாக, மாறி மாறிப் பயன்படுத்துகின்றனர். ஆளுக்கொரு குறியீடு கொடுத்து, எல்லாரையும் ஒரே அதிர்வெண்ணில் ஒருசேரப் பேசவும் விடலாம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் இவ்வாறே செய்கின்றன.

எது சிறந்தது? சூத்திரத்தைப் பார்த்து மட்டும் விடை சொல்லக்கூடாது என்பது என் கருத்து. எளிய சூத்திரங்களில் எல்லா அலைகளும் சம வலிமையுடன் வந்து சேரும். உண்மையில் அப்படியா? கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் எம்மொழியில் பேசினால்தான் என்ன, காதில் விழுமா? குறியீட்டு முறையின் இடரும் இதுவே. அருகிலுள்ள கருவியின் அலை, தொலைவிலுள்ளதன் அலையை அமுக்கிவிடும்.

ஆகவே சோதித்தே அறிய வேண்டும். முன்பு ஒவ்வொரு முறைக்கும் தனி மின்சுற்று தேவைப்பட்டது. இரண்டை ஒப்பிட்டால், வேறுபாடு முறையால் வந்ததா, கருவியால் வந்ததா என்று கூறுவது கடினம். மென்பொருள் வானொலி இக்குழப்பத்தை நீக்கியது. இதில் கருவி அலையை வாங்கி எண்களாக மாற்றும். எண்களை அலையாக்கி அனுப்பவும் செய்யும். மற்ற வேலையெல்லாம் கணினி நிரலுடையது. அதே கருவி, அதே ஆன்டெனா, அதே அறை. நிரலை மட்டும் மாற்றி மூன்று முறைகளையும் சோதிக்கலாம். ஊசல் சோதனையில் நூலின் நீளத்தை மட்டும் மாற்றுகிறீர்கள் அல்லவா? அதே நெறிதான் இது.

இது பெரிய ஆய்வகங்களுக்கே உரியது என்று எண்ண வேண்டா. கணினியில் தொலைக்காட்சி பார்க்க விற்கப்பட்ட சிறு யு.எஸ்.பி. ஏற்பியை மென்பொருள் வானொலியாக்கலாம் என்று 2012இல் ஆர்வலர்கள் காட்டினர். ஜி.என்.யூ. ரேடியோ என்னும் நிரல் தொகுப்பும் இலவசமே. பள்ளி ஆய்வகங்கள் இவற்றுக்கு இடம் தர வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: அலைகளை அனுப்ப உரிமம் தேவை. ஆதலால் பெறுவதிலிருந்து தொடங்குங்கள். பண்பலை நிலையங்கள் திரையில் தனித்தனிச் சிகரங்களாக நிற்பதைக் காண்பீர்கள். அதிர்வெண் பங்கீட்டை அதன்பின் மனப்பாடம் செய்யத் தேவையிராது!