தேடியதற்கும் கூலி கொடுங்கள்

பிக்கப் போன டர்போ காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் முதலில் சொல்வது, இதுவரை என்னென்ன மாற்றினார்கள் என்பதைத்தான். நாலு பிளக், நாலு காயில், ஒரு சென்சார். பில்லையும் எடுத்துக் காட்டுவார்கள். எந்த வயரை அளந்து பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. அளப்பதற்கு நம் பக்கத்தில் யாரும் காசு கொடுப்பதில்லை, பொருளுக்குத்தான் கொடுக்கிறோம். அதனால்தான் நல்ல பொருள்கள் குப்பைக்குப் போகின்றன, பழுது வண்டியிலேயே இருக்கிறது.

நான் பனமலைக்காரன், ஆட்டோ எலக்ட்ரீஷியன். செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிற வண்டிகள் அவ்வப்போது என்னிடம் வரும். அப்படி வந்த ஒரு காரில் ஐடிலில் ஒரு குறையும் இல்லை. 3,000 ஆர்பிஎம் தாண்டி மிதித்தால் உதறும், செக் லைட் மின்னும், அதன்பிறகு என்ன மிதித்தாலும் இழுக்காது. ஸ்கேனர் மிஸ்ஃபயர் என்று காட்டியது. பிளக்கும் காயிலும் ஏற்கெனவே புதுசு.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. மிஸ்ஃபயர் நடப்பது அதற்குத் தெரியும், ஏன் நடக்கிறது என்பது தெரியாது. டர்போ காற்றைத் திணிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். காயிலுக்கு வரும் மின்சாரம் சற்றுக் குறைந்தாலும் ஐடிலில் சமாளித்துவிடும், லோடு ஏறினால் கைவிட்டுவிடும். எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடாதபடி இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூ அந்த சிலிண்டருக்குப் போகும் பெட்ரோலை நிறுத்துகிறது, பூஸ்ட்டைக் குறைக்கிறது. இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை சிலிண்டர் ஹெட்டிலும் கொடுத்து, வயரை நீட்டி மீட்டரை உள்ளே எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டேன். காரைக் கொண்டுவந்த தம்பியை ஓட்டச் சொன்னேன். எர்த் வழியில் தொலைகிற வோல்டேஜ் ஐடிலில் 0.1 வோல்ட். மிதித்ததும் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. எர்த் வயரின் லக்கைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. பிரஷர் வாஷில் அடித்த தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். மேலே பார்த்தால் வயர் புதுசு போலத்தான் இருந்தது.

லோடு இல்லாமல் அளந்தால், பத்து இழை அறுந்து ஒரே இழை மிஞ்சினாலும் மீட்டர் ‘பீப்’ அடிக்கும், 12 வோல்ட்டும் காட்டும். நந்தன் கால்வாயின் தலைப்பில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பனமலை ஏரிக்கு வந்துவிட்டது என்று எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். பாதியில் எங்கே அடைத்திருக்கிறது என்று நடந்து பார்ப்பார்கள். 21 வாட் பல்பு போட்ட பழைய டெஸ்ட் லேம்ப்பை நான் இன்னும் விடாததற்கும் காரணம் அதுதான். ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும் அந்த பல்பு, இழை போன வயரில் மங்கிவிடும். (சென்சார் வயரிலும் ஈசியூ வயரிலும் அதை வைத்துவிடாதீர்கள், எரித்துவிடும்.)

கூலியைச் சொன்னதும், “அண்ணே, ஒரு பொருளும் மாத்தலையே, எதுக்கு இவ்ளோ?” என்றார் அந்தத் தம்பி. அரை நாள் கூட இருந்து பார்த்தவர் அவர். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல மெக்கானிக்குகள் காயிலை மாற்றுகிறார்கள். மாற்றினால் பில் போடலாம். தேடினால் பேரம்தான் மிஞ்சும்.

தேடுவது சின்ன வேலை இல்லை. 2014 சிங்கப்பூர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நிகோ ராஸ்பெர்க்கின் மெர்சிடிஸ் பாதியில் நின்றது. ஸ்டியரிங் தண்டுக்குள் இருக்கும் மின்சுற்றில் பழுது. பந்தயத்துக்கு முந்தைய சர்வீஸில் பயன்படுத்திய ஒரு பொருள் அங்கே படிந்து, அவ்வப்போது ஷார்ட் ஆக்கியிருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அந்தப் படிவை, பந்தயம் முடிந்த பிறகு நடத்திய பரிசோதனையில்தான் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு வசதி உள்ள பட்டறைக்கே தேடுவதற்கு நேரம் தேவைப்பட்டது.

நேரத்தோடு வயரிங் படமும் வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த நிற வயர் எந்த எர்த்துக்குப் போகிறது என்று டேப்பைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உதிரிப் பொருள்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கியது. எனக்கு வேண்டியது எளிது: கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கும் அதே வயரிங் படம், நியாயமான விலையில், செஞ்சியில் இருப்பவனுக்கும் கிடைக்க வேண்டும்.

கார் வைத்திருப்பவர்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. எந்தப் பொருளை மாற்றச் சொன்னாலும், எங்கே வைத்து அளந்தீர்கள், லோடில் எத்தனை வோல்ட் வந்தது என்று கேளுங்கள். அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தருகிறவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.