முகம் தெரிகிறது, மேக்கப் எங்கே?

வீட்டில் கல்யாணம். முகூர்த்தம் காலை 6 மணிக்கு. பெண்ணுக்கு மேக்கப் போட ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும்.

அம்மாவும் மகளும் செல்போனை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். மேக்கப் கலைஞர்கள் பலருடைய படங்கள் வரிசையாக வருகின்றன. எல்லாம் மணப்பெண்களின் படங்கள். எல்லா முகமும் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஒரு பரு இல்லை. ஒரு வடு இல்லை. தோல் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை!

"இவங்களையே பேசிடலாம்மா" என்கிறாள் மகள். முன்பணம் போகிறது.

கல்யாணத்தன்று என்ன நடக்கிறது? முகம் வெள்ளையாக இருக்கிறது. கழுத்து வேறு நிறமாக இருக்கிறது. ஓமகுண்டத்தின் சூட்டில் வியர்க்கிறது. மூக்கின் இரு பக்கமும் பூச்சு திட்டுத் திட்டாக நிற்கிறது. "நம்ம பொண்ணா இது?" என்று அத்தை ஒருத்தி வாய்விட்டே கேட்டுவிடுகிறாள்.

அப்படியானால் செல்போனில் பார்த்த படம் பொய்யா? முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால், அந்தப் படம் காட்டியது மேக்கப்பை அல்ல. வேறு எதையோ காட்டியது. அங்கேதான் தொல்லை.

யாருடைய கைவேலை?

மேக்கப் கலைஞர் தம் வேலையைக் காட்டுவதற்காகச் சேர்த்து வைக்கும் படத் தொகுப்பைத் தொழிலில் 'போர்ட்போலியோ' என்கிறார்கள். ஆல்பம் என்றே சொல்லலாம். உத்தியோகத்துக்குப் போகிறவருக்குச் சர்ட்டிபிகேட் எப்படியோ, மேக்கப் கலைஞருக்கு ஆல்பம் அப்படி.

ஆனால் ஒரு மணப்பெண்ணின் படத்தில் பலருடைய உழைப்பு இருக்கிறது. மேக்கப் போட்டவர் ஒருவர். தலை அலங்காரம் செய்தவர் ஒருவர். புடவை கட்டிவிட்டவர் ஒருவர். விளக்கு வைத்துப் படம் எடுத்தவர் ஒருவர். பிறகு கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தியவர் ஒருவர்.

இந்தக் கடைசி ஆள் என்ன செய்கிறார்? பருவை அழிக்கிறார். தோலை வழவழப்பாக்குகிறார். நிறத்தை ஏற்றுகிறார். இப்போது அவர்கூடத் தேவையில்லை. செல்போனே இந்த வேலையைத் தானாகச் செய்துவிடுகிறது.

இப்படித் துடைக்கும்போது பரு மட்டும் போவதில்லை. மேக்கப்பும் சேர்ந்து போய்விடுகிறது! இமையின் மேல் இரண்டு நிறங்களைக் கோடு தெரியாமல் இழைப்பது கஷ்டமான வேலை. வடு ஒன்றை மறைத்து, அந்த இடமும் தோல் போலவே தோன்றச் செய்வது அதைவிடக் கஷ்டம். துடைத்த படத்தில் இவை எதுவும் தெரியாது. நன்றாகப் போட்ட மேக்கப்பும், மோசமாகப் போட்ட மேக்கப்பும் ஒன்றாகிவிடும்.

தச்சர் ஒருவர் அழகாகக் கதவு இழைக்கிறார். அதை விற்கும்போது அதன் மேல் துணியைப் போட்டு மூடுவாரா? மூடினால், மட்டமான கதவு செய்தவருக்கு அல்லவா லாபம்!

காமிரா வைத்த பரீட்சை

முற்காலத்தில் காமிரா மேக்கப்பை மறைக்கவில்லை. மேக்கப்புக்குப் பரீட்சை வைத்தது.

சினிமா தோன்றிய புதிதில் நடிகர்கள் நாடக மேடையின் கெட்டியான சாயத்தையே பூசிக்கொண்டார்கள். மேடையில் நடிப்பவரைத் தூரத்திலிருந்து பார்க்கிறோம். தவறு தெரியாது. காமிரா கிட்டே வந்தது. முகத்தில் சாயம் வெடித்துப் பாளம் பாளமாக நிற்பது திரையில் தெரிந்துவிட்டது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மாக்ஸ் பாக்டர் என்பவர் இருந்தார். போலந்து நாட்டிலிருந்து குடியேறியவர். 1914ஆம் ஆண்டில் அவர் சினிமாவுக்கென்றே மெல்லிய பூச்சு ஒன்றைத் தயாரித்தார். முகம் அசைந்தாலும் அது வெடிக்கவில்லை. பிறகு வர்ண சினிமா வந்தது. பழைய பூச்சு வர்ணத்தில் சரியாக வரவில்லை. அதற்காக 1930களின் கடைசியில் 'பான்கேக்' என்ற பூச்சைக் கொண்டுவந்தது அவருடைய கம்பெனி.

தவறைக் காமிரா காட்டிக்கொடுத்தது. அதனால் தொழில் வளர்ந்தது. இன்று காமிராவே தவறை மறைத்துவிடுகிறது. தவறு தெரியாவிட்டால் திருத்துவது எப்படி? தம் படத்தைத் தாமே துடைத்துக்கொள்ளும் கலைஞர், கற்றுக்கொள்ளும் வழியையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்.

கறுப்பு என்ன குற்றம்?

பல ஆல்பங்களில் இன்னொரு குறை உண்டு. கறுத்த பெண்ணே இருக்கமாட்டாள். இருந்தாலும் படத்தில் வெளுத்திருப்பாள்.

இதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கோடாக் கம்பெனி, படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அதில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுத்த முகங்கள் மங்கிப்போயின. சாக்லேட்டும் மரச் சாமானும் படத்தில் சரியாக வரவில்லை என்று வியாபாரிகள் முறையிட்டார்கள். பிலிம் திருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

காலம் மாறிவிட்டது. 2017ஆம் ஆண்டில் பாடகி ரிஹானாவின் 'பென்டி பியூட்டி' கம்பெனி 40 நிறங்களில் பவுண்டேஷன் வெளியிட்டது. 2020ஆம் ஆண்டில் இந்தியாவின் 'பேர் அண்டு லவ்லி' கிரீம், 'பேர்' என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டது.

ஆனால் ஆல்பங்கள் மாறினவா? தமிழ்நாட்டுப் பெண்களில் மாநிறமும் கறுப்பும்தான் அதிகம். அந்த நிறத்துக்குப் பொருத்தமான பூச்சைத் தேர்ந்தெடுத்து, சாம்பல் பூத்தது போல் ஆகாமல் போடத் தெரிந்தவரே திறமைசாலி. அதைக் காட்டினால் பாதி ஊர் அவரைத் தேடி வரும்! வெளுத்துக் காட்டுகிறவர், "உன் நிறத்துக்கு மேக்கப் போட எனக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொள்கிறார். கறுத்த பெண்ணையும் அவமானப்படுத்துகிறார்.

நல்ல ஆல்பம் எப்படி இருக்கும்?

மேக்கப் போடுவதற்கு முன் ஒரு படம், போட்ட பின் ஒரு படம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே காமிராவில் எடுத்தவையாக இருக்க வேண்டும். முதல் படத்தை இருட்டிலும் இரண்டாம் படத்தை வெளிச்சத்திலும் எடுப்பது மோசடி.

கிட்டத்தில் எடுத்த படங்கள் வேண்டும். கண்ணை மூடியபடி ஒன்று. அதில்தான் இமை வேலையும் ஐலைனரின் நேர்க்கோடும் தெரியும். பக்கவாட்டில் ஒன்று. அதில் காது, தாடை, கழுத்து மூன்றும் முகத்தின் நிறத்தோடு சேர்கின்றனவா என்று தெரியும். தோலின் நுண்துளைகள் படத்தில் தெரிய வேண்டும். தெரிந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. துடைக்காத படம் என்பதற்கு அதுவே முத்திரை.

ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், மண்டபத்து விளக்கில் ஒரு படம், பிளாஷ் அடித்து ஒரு படம் வேண்டும். பிளாஷ் எதற்கு? சில பவுடர்களில் சிலிக்கா இருக்கிறது. வெயிலுக்குப் பூசும் சில கிரீம்களில் ஜிங்க் ஆக்சைடு இருக்கிறது. பிளாஷ் அடிக்கும்போது இவை ஒளியைத் திருப்பி அனுப்பும். கண்ணாடியில் நன்றாகத் தெரிந்த முகம், கல்யாணப் படத்தில் மாவு பூசியது போலாகிவிடும். இதை முன்கூட்டியே சோதித்தவர் என்பதற்கு அந்தப் படம் சாட்சி.

முக்கியமான படம் இன்னொன்று. காலை 4 மணிக்குப் போட்ட மேக்கப் பகல் 12 மணிக்கு எப்படி இருந்தது? அந்தப் படத்தையும் வைக்க வேண்டும். கல்யாண மேக்கப்புக்கு அதுதான் உண்மையான பரீட்சை.

முகங்கள் பலவிதமாக இருக்கட்டும். மாநிறம், கறுப்பு, சிவப்பு, பரு உள்ள முகம், 50 வயது அம்மாவின் முகம் எல்லாம் வேண்டும். நூறு படம் தேவையில்லை. நல்ல படம் இருபது போதும்.

பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவள் படத்தை வெளியிடக் கூடாது. மேக்கப் போடாத முகமென்றால் கட்டாயம் கேட்க வேண்டும். பிறர் வேலையைத் தம் வேலை என்று போடவே கூடாது. தலை அலங்காரம் செய்தவர், படம் எடுத்தவர் பெயர்களையும் குறிப்பிடுவது மரியாதை.

கையில் காசு இல்லையா?

இதற்கெல்லாம் பணம் வேண்டாமா என்று தொழில் பழகும் பெண்கள் கேட்கலாம். அதிகம் வேண்டாம். நேர் வெயில் விழாத ஒரு ஜன்னல் போதும். பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டலாம். செல்போனில் 'பியூட்டி' அமைப்பை நிறுத்திவிட வேண்டும். காமிராவை முகத்துக்கு மிகவும் அருகில் கொண்டு போகக் கூடாது. போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். சற்றுத் தள்ளி நின்று 'சூம்' செய்து எடுக்க வேண்டும். தங்கை, அண்ணி, சித்தி, பாட்டி ஆகியோரே மாதிரிகள். வீட்டிலேயே எத்தனை விதமான முகம், எத்தனை விதமான நிறம்!

யார் வருவார்கள்?

"மற்றவர்கள் மெருகேற்றிக் காட்டுகிறார்கள். ஒருத்தி மட்டும் உள்ளதைக் காட்டினால் அவளிடம் யார் வருவார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடக்கத்தில் சிலர் வராமல் போகலாம். ஆனால் இந்தத் தொழில் வாய் வார்த்தையால் வளர்வது. ஒரு கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் வந்தால், மணப்பெண் முகத்தை ஐந்நூறு பேரும் பார்க்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் உதவிக்கு வராது. படத்தில் பார்த்ததும் நேரில் பார்த்ததும் ஒன்றாக இருந்தால், அடுத்த கல்யாணம் அந்த மண்டபத்திலேயே முடிவாகிவிடும்.

உலகமும் அந்தப் பக்கம்தான் போகிறது. உடலையோ தோலையோ திருத்திய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்டது' என்று அடையாளம் போட வேண்டும் என 2021இல் நார்வே நாடு சட்டம் செய்தது. அது 2022 ஜூலையில் அமலுக்கு வந்தது. இந்தியாவிலும் தவறான விளம்பரங்களைத் தடுக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து கேட்கும்வரை காத்திருப்பானேன்?

போராடிப் பெற்ற தொழில்

மேக்கப் தொழில் பெண்களுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. மும்பை சினிமாவில் மேக்கப் கலைஞர்களின் சங்கம் ஒன்று, பெண்களை அந்த வேலைக்கு உறுப்பினராகச் சேர்க்க மறுத்து வந்தது. பெண்ணுக்குத் தலை அலங்காரம் மட்டும்தான் என்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நிலை இருந்தது. சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்தத் தடை செல்லாது என்று 2014 நவம்பர் 10ஆம் தேதி கோர்ட் தீர்ப்பளித்தது.

இன்று சிற்றூர்களிலும் பெண்கள் இந்தத் தொழிலால் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். அவர்களுடைய முதலீடு இரண்டு: கைத்திறமை, ஊராரின் நம்பிக்கை. பொய்ப் படம் இரண்டையும் தின்றுவிடும்.

வீட்டார் கேட்க வேண்டியது

வீட்டாருக்கும் பொறுப்பு உண்டு. வழவழப்பான படத்தைத் தேடி ஓடுகிறவர்கள் இருக்கும்வரை அப்படிப்பட்ட படங்கள் வந்துகொண்டுதான் இருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன், "எங்கள் பெண்ணின் நிறத்தில் யாருக்காவது போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். திருத்தாத படம் ஒன்றைக் காட்டச் சொல்ல வேண்டும். முடிந்தால் ஒரு நாள் முன்னதாக ஒத்திகை பார்க்க வேண்டும். அதற்குரிய கூலியையும் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி: "காலையில் போட்டது மத்தியானம் எப்படி இருந்தது? அந்தப் படம் இருக்கா?"

இருக்கிறது என்று எடுத்துக் காட்டுகிறவரிடம் தைரியமாகப் பெண்ணின் முகத்தை ஒப்படைக்கலாம்.