பலகையில் எழுதாததை யார் கேட்பது?
கடைச் சாப்பாடு குறித்து எங்கள் நிலைப்பாடு

சாயங்காலம் ஆறரை மணிக்குக் கோவில்பட்டியில் எந்தப் புரோட்டாக் கடை முன்னால் போய் நின்றாலும் இதைப் பார்க்கலாம். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிற பெண்கள் நாலைந்து பேர், கையில் தூக்குவாளி. "அண்ணாச்சி, எட்டு புரோட்டா. சால்னா கூட ஊத்துங்க." எண்ணெயில் ஊறிக் கிடக்கிற மைதா உருண்டையை மாஸ்டர் எடுத்து, வீசி, சுருட்டி, கல்லில் போடுகிறார். வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் தட்டுகிறார். பத்து நிமிடத்தில் பார்சல் கையில். வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துச் சோறும் குழம்பும் இறக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்தப் பெண்களிடம் "ஆரோக்கியமான உணவையே உண்ணுங்கள்" என்று ஒரு நோட்டீசைக் கொடுத்தால், சால்னா ஒழுகாமல் இருக்கப் பொட்டலத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு போவார்கள். அதில் தப்பும் இல்லை.

இடைசெவலையும் சுற்றுப்பட்டு ஊர்களையும் சேர்ந்த மானாவாரி விவசாயிகள், தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் கொஞ்சம் பேர் சேர்ந்த சிறிய அமைப்பு எங்களுடையது. வெளியே சாப்பிடுவது பற்றி எங்களுக்குள் பலமுறை பேசி, சண்டையும் போட்டு, வந்து சேர்ந்த முடிவு இது: கடையில் நல்லதைப் பார்த்துச் சாப்பிடுவது சாப்பிடுகிறவர் பாடு என்று கைகழுவுவதை நாங்கள் ஏற்கவில்லை. பலகையில் எழுதியிருப்பதிலிருந்துதான் ஒருவர் எடுக்க முடியும். முதலில் பலகை மாற வேண்டும்.

விஷயம் விளையாட்டல்ல. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம். சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தால், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் எத்தனை கலோரி என்று மெனுவில் போட வேண்டும் என்கிறது. பெரிய ஊர் பீட்சாக் கடைக்கு அது பொருந்தும். ஒற்றைக் கல்லும் நாலு பெஞ்சும் போட்டு நடக்கிற எங்கள் கடைகளுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும், கொத்துப் புரோட்டாவுக்குக் கலோரி எழுதிப் போட்டால் யார் படிக்கப் போகிறார்கள்?

எங்களுக்கு உறுத்துவது வேறொன்று. இந்தக் கரிசலில் உளுந்து விளைகிறது, பாசி விளைகிறது, கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைகின்றன. மானாவாரிப் பயிர்களுக்காகவே கோவில்பட்டியில் 1901-லிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் அந்த ஊரிலேயே ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கடையில் உட்கார்ந்து இந்தத் தானியங்களில் ஒன்றைச் சொல்லி வாங்கிச் சாப்பிடுவது பெரும்பாடு. கோடையில் தள்ளுவண்டிக் கம்மங்கூழ் உண்டு, அதோடு சரி. நாங்கள் மூட்டை மூட்டையாக விளைவிக்கிற மக்காச்சோளம் கோழித்தீவனமாகப் போய் பிராய்லராகத் திரும்பி வருகிறது. உளுந்து தோலுரிந்து, வெள்ளை வெளேரென்று வடையாகி, எண்ணெயில் மிதக்கிறது.

தொலி உளுந்தைப் போட்டுப் பொங்கின உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் எங்கள் வீடுகளில் வயதுக்கு வந்த பிள்ளைக்குக் கொடுப்பது, இடுப்பு வலிக்கிற கிழவிக்குக் கொடுப்பது. அரிசியும் பருப்பும் பூண்டும் தேங்காயும் ஒரே பானையில் வேகிறது. மாஸ்டர் வேண்டாம், கல் வேண்டாம், மதியம் இறக்கிவைத்தால் சாயங்காலம்வரை தாங்கும். இதைக் கடையில் போட ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பது எங்களுக்கு இன்றுவரை புதிர்.

பழைய காலத்தைக் கொண்டாட வந்தவர்கள் என்று எங்களை எடுத்துக்கொள்ள வேண்டாம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்று இடைசெவலைத் தேடி வருகிறவர்கள் கம்மஞ்சோறு கிடைக்குமா என்று ஆசையாகக் கேட்கிறார்கள். உரலில் கம்பு குத்திக் கைகாய்த்த எங்கள் பாட்டிமார்களுக்கு நெல்லுச்சோறுதான் கனவு. தீபாவளி, பொங்கலுக்குத்தான் அது வாய்த்தது. அரிசிக்கும் மைதாவுக்கும் இந்தச் சனங்கள் தாவியது ருசிகெட்ட வேலை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நகரத்தில் சிறுதானியம் என்று பேர் வைத்து மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்களே, அந்த வழியும் எங்களுக்கு வேண்டாம். கம்பு மாவில் சுட்டாலும் வடை வடைதான். நாலுவழிச் சாலை நெடுகத் தொங்குகிற கருப்பட்டிக் காப்பிப் பலகைகளுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்: கருப்பட்டியும் இனிப்புதான், சர்க்கரை நோய்க்காரருக்கு அது மருந்தாகாது.

கடைக்காரர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. மதியத்தில் "அளவுச் சாப்பாடு" என்று ஒன்று நம் கடைகளில் ரொம்பக் காலமாக இருக்கிறது. வேண்டிய மட்டும் போடுகிற ஃபுல் மீல்ஸ் ஒரு விலை, அளவுச் சாப்பாடு ஒரு விலை. அந்த ஏற்பாட்டை ராத்திரிக்கும் கொண்டுவாருங்கள். கொத்தில் அரைப் பிளேட் என்று எழுதிப் போடுங்கள். சால்னாவைக் கேட்காமலே பிய்த்துப்போட்ட புரோட்டாவின் மேல் ஊற்றாதீர்கள், கிண்ணத்தில் வையுங்கள். தொட்டுச் சாப்பிடுகிறவருக்கும் குழைத்துச் சாப்பிடுகிறவருக்கும் உள்ளே போகிற உப்பும் எண்ணெயும் ஒன்றல்ல. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. வெஞ்சனமாகத் தட்டப்பயறோ மொச்சையோ கீரையோ ஒன்று தினமும் இருக்கட்டும்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நாங்கள் கெஞ்சப் போவதில்லை. பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சேருகிற கழிவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற விதி. சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, புகை சீக்கிரம் எழும்பினால் கருவி இல்லாமலே தெரிந்துபோகும். அப்படி ஒரு கடையில் கண்டால் முதலில் முதலாளியிடம் தனியாகச் சொல்வோம். மறுபடியும் கண்டால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதுவோம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

நெடுந்தூர பஸ் நிற்கிற மோட்டல்களின் கதை இன்னும் மோசம். பஸ் நிற்கிற இடத்தில்தான் சாப்பிட்டாக வேண்டும் என்றால் தேர்வு என்ற பேச்சே இல்லை. நிறுத்தத்துக்கு இடம் முடிவு செய்கிற போக்குவரத்துக் கழகங்கள், இட்லியும் மோரும் ஊர் விலைக்கு எந்த நேரமும் கிடைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று கோருகிறோம்.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கேளுங்கள். "உளுந்தஞ்சோறு இல்லையா அண்ணாச்சி?" என்று தினம் பத்துப் பேர் கேட்டால் பதினைந்தாம் நாள் கடைக்காரர் யோசிப்பார். இதுவரை நாங்கள் பேசிய கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்கள்: "போட்டு மிஞ்சினா யாரு திம்பா?" நியாயமான கேள்வி. அதற்கு எங்கள் பதில்: எட்டயபுரம் ஆட்டுச்சந்தை கூடுகிற சனிக்கிழமையில் ஆரம்பியுங்கள். அன்றைக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒரு பானை உளுந்தஞ்சோறு, ஒரு கிண்ணம் எள்ளுத் துவையல், ரெண்டு புரோட்டாவும் சால்னாவும் விற்கிற அதே விலை. முதல் நாலு சனிக்கிழமையும் பானையில் மிஞ்சுகிற சோற்றுக்கு நாங்கள் காசு கொடுத்துவிடுகிறோம்.