ஆன்டி-டிபிஓ பரிசோதனை: ஒருமுறை போதும்

ஆன்டி-டிபிஓ என்ற தைராய்டு ஆன்டிபாடியின் அளவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? ஹாஷிமோட்டோ தைராய்டிட்டிஸ் என்று உறுதியாகிவிட்டவர்களுக்கு அது தேவையில்லை என்பது எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

ரிப்போர்ட்டில் ஆன்டி-டிபிஓ 600 என்றும் 1,300 என்றும் தடித்த எழுத்தில் வரும்போது வீடே கலங்கிப்போகிறது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் தைராய்டு சுரப்பியின் மேலேயே திரும்பியிருக்கிறது என்பதற்கு அந்த எண் ஓர் அடையாளம், அவ்வளவுதான். சுரப்பி எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று தெரிய டிஎஸ்எச் பார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அதை வைத்துத்தான். ஆன்டிபாடி 1,300-லிருந்து 700-க்கு இறங்கினாலும் மாத்திரை மாறாது. பிறகு எதற்கு மறுபடி ரத்தமும் பணமும்?

டிஎஸ்எச் லேசாக ஏறி, ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன் சரியாக இருக்கும்போது ஆன்டி-டிபிஓ பரிசோதனைக்கு மதிப்பு உண்டு. இங்கிலாந்தின் விக்கம் பகுதி மக்களை 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், டிஎஸ்எச்சும் கூடி ஆன்டிபாடியும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைபாடு வந்தது. ஆன்டிபாடி மட்டும் இருந்தவர்களில் 2.1. ஆகவே ஆன்டிபாடி இருந்தும் டிஎஸ்எச் சரியாக உள்ளவர்கள் மாத்திரைக்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு டிஎஸ்எச் பார்த்தால் போதும். கருவுற்றால் மட்டும் அலட்சியம் கூடாது. கர்ப்பத்தின் முதல் பாதியில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்த்துவிட வேண்டும்.

தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயின் கணக்கு வேறு. அங்கே பார்க்க வேண்டியது டிஆர்ஏபி என்ற ஆன்டிபாடி. மருந்தை நிறுத்தலாமா என்று முடிவெடுக்கும் முன் அதை மீண்டும் பார்ப்பது நல்லது. நஞ்சுக்கொடி வழியே அது குழந்தையையும் எட்டும் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் தேவை.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் (தைராய்டு குறைபாடு உள்ளவர்களில் இவர்கள் நிறையப் பேர்) ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சில லேப்களின் பரிசோதனை முறையில் பயோட்டின் டிஎஸ்எச்சைக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐக் கூட்டியும் காட்டி, இல்லாத கிரேவ்ஸ் நோயை இருப்பதாக நம்பவைத்துவிடும்.

முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் ஆன்டி-டிபிஓவை எல்லோருக்கும் சேர்த்து விற்பதை லேப்கள் கைவிட வேண்டும். மருத்துவர்கள் அதை எழுதித் தரும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: “இந்த ரிசல்ட்டால என் மாத்திரை மாறுமா, டாக்டர்?”