‘மேலே’ என்றால் எங்கே?



சென்ற மாதம் ஒரு அம்மா என்னிடம் வந்தார். 2009இல் காலில் பாய்ந்த செல் துண்டு இன்னமும் உள்ளேயே இருக்கிறது. கிளினிக் கொப்பி தொலைந்ததால், மூன்று தடவை போயும் வைத்தியரைப் பார்க்க முடியாமல் திரும்பியிருக்கிறார். கடைசித் தடவை, “விருப்பமில்லாட்டி மேல போய்ச் சொல்லுங்கோ” என்று ஏசியிருக்கிறார்கள். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “மேல எண்டா எங்க, பிள்ளை?”

இது நம்மில் பலருக்கும் உள்ள கேள்வி. பதில் தெரியாததாலேயே வாய்மூடித் திரும்பி விடுகிறோம்.

1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் பின்னர் நமது அரச வைத்தியசாலைகள் இரண்டு நிர்வாகங்களின் கீழ் உள்ளன. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகள் கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் நேரடிப் பொறுப்பில் உள்ளவை. அங்கே தலைமை வகிப்பவர் பணிப்பாளர். அவருக்கு மேலே சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகமும் அமைச்சின் செயலாளரும் இருக்கிறார்கள்.

ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலைகளும் பெரும்பாலான ஆதார வைத்தியசாலைகளும் மாகாணத்துக்கு உரியவை. அங்கே பொறுப்பு வைத்திய அதிகாரி அல்லது வைத்திய அத்தியட்சகர் இருப்பார். அவருக்கு மேலே பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். வடக்கில் மாவட்டத்துக்கு ஒருவராக ஐந்து பேரும், கிழக்கில் கல்முனைக்கெனத் தனியாக ஒருவர் உட்பட நான்கு பேரும் உள்ளனர். அவர்களுக்கு மேலே மாகாணப் பணிப்பாளர், அதற்கும் மேலே மாகாண சுகாதார அமைச்சின் செயலாளர். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இலும் வடக்கினது 2018இலும் முடிந்தபோது, மாகாண நிர்வாகம் ஆளுநர்களின் கைக்குச் சென்றது.

வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாடு என்றால் இடம் வேறு. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை மருத்துவ சபையே வைத்தியர்களைப் பதிவு செய்கிறது. பாரதூரமான தவறு நிரூபிக்கப்பட்டால் பதிவை நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் கிளினிக் திகதி எடுத்துத் தருவதோ நட்டஈடு பெற்றுத் தருவதோ அதன் வேலையல்ல. எனவே தவறான கதவைத் தட்டிக் காலத்தை வீணாக்காதீர்கள்.

முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். திகதி, நேரம், கிளினிக் அல்லது வாட்டு இலக்கம், நடந்தது என்ன, நீங்கள் கேட்பது என்ன என்பவற்றைத் தமிழிலேயே எழுதலாம். முதலில் வைத்தியசாலைத் தலைவருக்கும், பதில் வராவிட்டால் அடுத்த படியில் உள்ளவருக்கும் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். பிரதியையும் துண்டையும் பத்திரப்படுத்துங்கள். அப்படியும் மௌனம் என்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், “எனது முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?” என்று அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தகவலைத் தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் எடுக்க வேண்டும்.

மருத்துவ சபையிலும் சரி, பணிப்பாளர் பதவிகளிலும் சரி, இருப்பவர்கள் பெரும்பாலும் வைத்தியர்களே. வரிசையில் நின்று களைத்த பெண்ணின் குரல் தானாக அங்கே போய்ச் சேராது. ஆனால் பல ஊர்களில் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்கள் இருக்கின்றன. மாதர் சங்கத்திலிருந்து ஒருவராவது அதில் இடம் கேளுங்கள்.

அந்த அம்மாவின் கடிதத்தை இருவருமாக இருந்து எழுதினோம். புதிய கொப்பியும் சத்திரசிகிச்சை கிளினிக்கிற்குத் திகதியும் கிடைத்தன. ஏசியது பற்றி எவரும் பதில் எழுதவில்லை. “அதுக்கும் ஒரு கடிதம் எழுதுவம், பிள்ளை” என்கிறார் இப்போது.