ஆர்டர் குறைந்தாலும் ஆளைக் குறைக்காதீர்கள்
திருப்பூர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த 50 விழுக்காடு வரி 2025 ஆகஸ்ட் 27 அன்று நடப்புக்கு வந்தது. ஆண்டுக்குச் சுமார் 45,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நம் ஊரில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரக்கு அந்த ஒரு நாட்டுக்குத்தான் போகிறது. ஆகவே அடி பலமானது. முதலாளிகளின் கவலையும் நியாயமானது. ஆனால் அந்த அடியை முதலில் வாங்குபவர் யார்? பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரிடம் யாரும் வேலை இல்லை என்று சொல்வதில்லை. “இன்னும் துணி வரலை” என்பார்கள். ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட்டாகும், பிறகு வாரத்துக்கு நாலு நாளாகும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும்போதுதான் வரி விதிப்பின் பொருள் அவருக்கு முழுதாக விளங்குகிறது.

இருக்கிற வேலையை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுங்கள், ஆளை நிறுத்தாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். இதை வெறும் இரக்கத்தின் பேரில் கேட்கவில்லை. 2020 ஊரடங்கில் நம் ஊரை விட்டுப் போன தொழிலாளர்களை ஆர்டர் திரும்பியதும் பஸ் அனுப்பி அழைத்துவர வேண்டியிருந்ததை அதற்குள் மறந்திருக்க மாட்டோம். ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் கை பழகிய டெய்லர் ஒரு வாரத்தில் உருவாகிறவர் இல்லை. அன்று முழுச் சம்பளம் கொடுக்கச் சொல்லி மார்ச் 29-ல் மத்திய அரசு போட்ட உத்தரவு, மே மாதத்தோடு திரும்பப் பெறப்பட்டது. எனவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருப்பதில் பயனில்லை.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்தே ஒரு சான்று உண்டு. 2009 மந்தத்தில் ஆர்டர்கள் சரிந்தபோது, பேரி-வேமிலர் என்ற இயந்திரத் தயாரிப்பு நிறுவனத்தின் தலைவர் பாப் சாப்மன் ஒருவரையும் நீக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை எல்லாரும் சம்பளமில்லாமல் நாலு வாரம் விடுப்பு எடுக்க வைத்தார். தம் சம்பளத்தையும் வெட்டிக்கொண்டார். வசதி உள்ளவர்கள் மற்றவர்களின் விடுப்பு வாரங்களையும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். மறுப்பவர்கள் காட்டும் எதிர்ச்சான்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மால்டன் மில்ஸ். 1995 டிசம்பரில் அந்தத் துணி ஆலை தீக்கிரையானபோது, ஏரன் ஃபாயர்ஸ்டீன் வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கொண்டாடப்பட்டார். 2001-ல் ஆலை திவாலானது. கருணையால் கெட்டார் என்று முடித்துவிடுகிறார்கள். கணக்கைப் பார்த்தால் சம்பளத்துக்குப் போனது சுமார் 2.5 கோடி டாலர். ஆலையைத் திரும்பக் கட்டப் போனது 40 கோடிக்கும் மேல். காப்பீட்டுத் தொகை போதாமல் வாங்கிய கடன்தான் கழுத்தை நெரித்தது. அவரைப் போல முழுச் சம்பளம் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

“ஜாப் ஒர்க் செய்கிற எங்களிடம் பகிர என்ன இருக்கிறது?” என்று பத்து மெஷின் போட்டிருப்பவர் கேட்பார். இதுதான் உண்மையான கேள்வி. அவர் கையில் பணமில்லாததற்குக் காரணம் பெரும்பாலும் மேலே நிற்கும் பில். பதிவு செய்த சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நிட்டிங், பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொரு பில்லும் இழுபடும்போது, கடைசியில் அது பிசிறு வெட்டும் பெண்ணின் வாரக் கூலியில் போய் விடிகிறது. பெரிய ஏற்றுமதியாளர் காட்டக்கூடிய முதல் கருணை, பழைய பில்லை முடித்துக் கொடுப்பதுதான். அதற்கு எந்த அரசாங்கத்தின் சலுகையும் தேவையில்லை.

முதலாளிகளே, தீபாவளிக்கு முன் ஒரு நாள் கம்பெனியில் எல்லாரையும் கூட்டி, கையில் எத்தனை வாரத்துக்கு வேலை இருக்கிறது, போனஸ் எவ்வளவு, எப்போது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கெட்ட செய்தியானாலும் முன்கூட்டித் தெரிந்தால் ஒரு குடும்பம் வட்டிக்கு வாங்காமல் தப்பிக்கும். லைன் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களே, இந்த மூன்று மாதம் வாடகையை ஏற்றாதீர்கள். முடிந்தால் பாதியை வாங்கிக்கொண்டு மீதிக்குத் தவணை கொடுங்கள். மளிகைக் கடைக்காரர்களே, பற்று நோட்டை மூடிவிடாதீர்கள். ஊர் நின்றால்தான் உங்கள் கடையும் நிற்கும்.