கொடிமலையின் ஒப்பந்தத்தைச் சட்டமன்றத்தில் வையுங்கள்

பினாங்கு மாநில முதலமைச்சர் அவர்களுக்கும், சட்டமன்றத்தின் நாற்பது உறுப்பினர்களுக்கும்,



கொடிமலைக்குக் கட்டப்பட்டுவரும் கேபிள் காரின் சலுகை ஒப்பந்தத்தை முழுமையாகச் சட்டமன்றத்தில் தாக்கல் செய்யுமாறு கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். இனி மாநில நிலத்தையோ மலையையோ கடலையோ எந்த நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும், கையெழுத்துக்கு முன்பே அந்தத் தாள் உங்கள் அவைக்கு வர வேண்டும். அதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்பதும் என் கோரிக்கை. ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1990 செப்டம்பரை இந்தத் தீவில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெர்ஜெயா குழுமத்தைச் சேர்ந்த புக்கிட் பினாங் லெஷர் என்ற நிறுவனத்தோடு மாநில அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. மலையில் ஏறத்தாழ 900 ஏக்கர். ஹோட்டல்கள், அடுக்குமாடி வீடுகள், கடைகள், கேளிக்கைப் பூங்கா, கோல்ஃப் திடல், மேலே ஏறக் கேபிள் கார். தீவுக்குக் குடிநீர் தரும் ஓடைகள் பிறக்கும் காட்டின் நடுவில் ஒரு பொழுதுபோக்கு நகரமே எழுந்திருக்கும்.

எழவில்லை. எழாமல் தடுத்தவர்கள் ஊர் மக்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம், மலேசிய இயற்கைக் கழகம், சஹாபாட் ஆலாம், அலிரான் ஆகிய அமைப்புகள் ‘பினாங்கு மலை நண்பர்கள்’ என்ற பெயரில் ஒன்று சேர்ந்தன. எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் போன்றவர்கள் முன்னே நின்றார்கள். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். மண் எப்படிப்பட்டது, சரிவு எவ்வளவு செங்குத்து, மரம் போனால் நீர் எங்கே போகும் என்று துறை அறிந்தவர்களைக் கொண்டு எழுதவைத்தார்கள். 1991-இல் சுற்றுச்சூழல் துறை அந்த நிறுவனத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை ஏற்கவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில், அதே மலையை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்தச் சான்றிதழைத் தாங்கள் பெருமையோடு காட்டுகிறீர்கள், காட்ட வேண்டியதுதான். அதை நமக்கு வாங்கித் தந்தவர்களில், அன்று ஓர் அரசு செய்த ஒப்பந்தத்தை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களும் உண்டு.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே ஊர் விழித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மலையைக் காப்பாற்றியது மக்களின் கூட்டு முயற்சியும், ஒரு துறை தன் கடமையை ஒழுங்காகச் செய்ததும். அந்தத் துறை வேறு மனநிலையில் இருந்திருந்தால் இன்று நாம் எதைக் காப்பகம் என்று அழைத்துக்கொண்டிருப்போம்?

எல்லா நேரமும் அப்படி வாய்க்காது என்பதை நம் தமிழ்ச் சமூகம் கம்போங் புவா பாலாவில் பார்த்தது. குளுகோர் பக்கம், மாடு வளர்த்துத் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள். காலடி நிலம் அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குக் கை மாறி, அங்கிருந்து மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2009-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் பயனில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. நிலம் கை மாறியதற்கு முந்தைய ஆட்சியே பொறுப்பு என்று அன்றைய ஆட்சி சொன்னது. அன்றைய ஆட்சி நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று முந்தைய ஆட்சியினர் சொன்னார்கள். யார் சொன்னது சரி என்று இன்றும் டீக்கடைகளில் வாதாடுகிறோம். விற்பனை முடிவான அன்றே அந்தத் தாள்கள் சட்டமன்றத்தில் இருந்திருந்தால் இந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது. குடும்பங்களுக்கும் புல்டோசர் வருவதற்கு முன் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும்.

இப்போது கடல் கடந்து ஓர் உதாரணம். புளோரிடா மாநிலமும் டிஸ்னி நிறுவனமும் மோதிக்கொண்டதைத் தாங்கள் அறிவீர்கள். அந்த மோதலின் உள்விவரம் நமக்கு மிகவும் உதவும் என்பதால் அதைச் சொல்கிறேன்.

1967-இல் புளோரிடா சட்டமன்றம் டிஸ்னிக்காக ‘ரீடி கிரீக்’ என்ற தனி நிர்வாக மாவட்டத்தை உருவாக்கியது. ஏறத்தாழ 25,000 ஏக்கர். நம் தீவின் மூன்றில் ஒரு பங்குக்குச் சமம். சாலை, தீயணைப்பு, கழிவுநீர், கட்டட அனுமதி எல்லாம் அந்த மாவட்டத்தின் பொறுப்பு. அதை நடத்தும் வாரியத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் அங்கே நிலம் வைத்திருப்பவர்கள். நிலமோ பெரும்பாலும் டிஸ்னியுடையது. ஒரு நிறுவனம் தன் நகராட்சியைத் தானே நடத்திக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் எந்த ஆளுநருக்கும் இது பெரிய பிரச்சினையாகத் தோன்றவில்லை. 2021-இல் சமூக ஊடக நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தபோது, பெரிய கேளிக்கைப் பூங்கா வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்குக்கூடக் கொடுத்தார்கள்.

மறு ஆண்டே நிலைமை தலைகீழானது. பள்ளிகளில் பாலினம், பாலீர்ப்பு பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை டிஸ்னி வெளிப்படையாக எதிர்த்தது. ஆளுநர் ரான் டிசாண்டிஸ் சினந்தார். 2022 ஏப்ரலில் சிறப்புக் கூட்டம் கூட்டி, ரீடி கிரீக்கைக் கலைக்கும் சட்டம் நிறைவேறியது. முந்தைய ஆண்டு கொடுத்த விலக்கும் அதே கூட்டத்தில் பறிபோனது. கலைத்தால் ஏறத்தாழ நூறு கோடி டாலர் கடன் அக்கம்பக்க மாவட்டங்களின் வரி கட்டும் மக்கள் தலையில் விழுமோ என்ற பயம் எழுந்தது. அதன் பிறகு 2023 பிப்ரவரியில் வேறொரு சட்டம்: மாவட்டம் இருக்கும், பெயர் மாறும், வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களையும் ஆளுநரே நியமிப்பார். பழைய வாரியமும் சும்மா போகவில்லை. போவதற்கு முன் டிஸ்னிக்குப் பல பத்தாண்டுகளுக்கு உரிமை தரும் ஒப்பந்தம் ஒன்றை நிறைவேற்றிவிட்டுப் போனது. அதன் ஒரு பிரிவு, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் சார்லஸின் அன்று வாழ்ந்த வம்சாவளியில் கடைசி நபர் இறந்து 21 ஆண்டுகள் வரை செல்லும் என்று எழுதப்பட்டிருந்தது. புதிய வாரியம் அதைச் செல்லாது என்றது, டிஸ்னி வழக்குப் போட்டது, கூட்டரசு நீதிபதி 2024 ஜனவரியில் தள்ளுபடி செய்தார், மார்ச்சில் சமரசம். ஜூனில் புதிய ஒப்பந்தம்: 1,700 கோடி டாலர் வரை டிஸ்னி முதலீடு செய்யும். இடையில், 2023 மே மாதத்தில், ஏறத்தாழ 2,000 பேருக்கு வேலை தரவிருந்த புதிய அலுவலக வளாகத் திட்டத்தை அந்த நிறுவனம் கைவிட்டது.

இந்தச் சண்டையில் நான் டிஸ்னியின் பக்கமும் இல்லை, டிசாண்டிஸின் பக்கமும் இல்லை. ஒரு நிறுவனத்துக்கு நகராட்சி அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது தவறு என்று நினைக்கிறேன். கருத்துச் சொன்னதற்காக அதைப் பறித்தது அதைவிடப் பெரிய தவறு. கொடுத்தபோது இவ்வளவு ஏன் கொடுக்கிறோம் என்ற காரணம் தெளிவாக எழுதப்பட்டு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் முன்னிலையில் பரிசீலிக்கப்பட்டிருந்தால், எந்த ஆளுநரும் அதைச் சாட்டையாக எடுத்திருக்க முடியாது. எந்த நிறுவனமும் அதைப் பரம்பரைச் சொத்தாக நினைத்திருக்காது. இரு பக்கமும் அடித்துக்கொண்ட அந்த இரண்டு ஆண்டுகளில் தங்கள் கடன் என்ன, வேலை என்ன என்று தெரியாமல் நின்றவர்கள் அந்த ஊர் மக்கள்.

நிறுவனங்களின் கையிலும் சாட்டை உண்டு. தமிழ்நாட்டில் வொண்டர்லா நிறுவனம் சென்னைக்குத் தெற்கே நிலம் வாங்கிவிட்டு, கேளிக்கை வரியில் விலக்கு வேண்டும் என்று பல ஆண்டுகள் காத்திருந்தது. விலக்குக் கிடைத்த பிறகே கட்டுமானம் நகர்ந்தது. 2025 டிசம்பரில்தான் பூங்கா திறந்தது. வரி அதிகமா குறைவா என்பது வாதத்துக்குரியது. ஆனால் அந்த வரி உள்ளாட்சி மன்றங்களுக்குப் போகவேண்டிய பணம். அதை விட்டுக்கொடுத்ததால் ஊராட்சிக்கு என்ன இழப்பு, எத்தனை பேருக்கு வேலை என்ற கணக்கை விலக்கு தருவதற்கு முன்பே ஊர் பார்த்திருக்க வேண்டும். மலேசியாவிலும் கேளிக்கை வரி மாநிலங்களின் கையில் இருக்கிறது. 1953 சட்டப்படி நுழைவுக் கட்டணத்தில் 25 விழுக்காடு வரை விதிக்கலாம். விலக்கும் தரலாம். தெலுக் பஹாங்கில் எஸ்கேப் பூங்கா 2012 முதல் இருக்கிறது. கொம்தாரின் உச்சியில் கேளிக்கைத் தளம் இருக்கிறது. மலையுச்சியில் தி ஹபிடட் இருக்கிறது. இவற்றில் எதையும் நான் குறைசொல்லவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டும் ஊர் மக்களுக்கு வேலையும் வேண்டியவைதாம். வரி, நிலக் குத்தகை, மாநகர் மன்ற உரிமம் என்ற மூன்று கயிறுகளும் ஆட்சியின் கையில் இருக்கும்போது, எந்தக் கயிறு யாருக்காக எவ்வளவு தளர்த்தப்பட்டது என்று தெரியாவிட்டால், நல்ல நிறுவனமும் சந்தேகத்துக்கு ஆளாகும். நேர்மையான அரசும் ஆளாகும்.

இனி கேபிள் காருக்கு வருகிறேன். ஹார்த்தாசுமா நிறுவனம் 24.5 கோடி ரிங்கிட் செலவில் கட்டி, பல பத்தாண்டுகள் நடத்தி, பிறகு அரசிடம் ஒப்படைக்கும் திட்டம் அது. மலை ரயிலில் விடுமுறை நாட்களில் நிற்கும் வரிசையையும், அது பழுதானால் மேலே மாட்டிக்கொள்பவர்களின் தவிப்பையும் தாங்கள் காரணமாகச் சொல்கிறீர்கள். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. முதியவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்க வேறு வழி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கீழ்நிலையம் வருவது தாவரவியல் பூங்காவின் பக்கம். அங்கே போகும் சாலைதான் தண்ணீர்மலைச் சாலை. 513 படிகள் ஏறிப் பாலதண்டாயுதபாணியைப் பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஊரே திரண்டு போகும் வழி. தைப்பூசத்தன்று தேர்களும் காவடிகளும் தண்ணீர்ப் பந்தல்களும் நிறைந்த அந்தச் சாலையில், ஆண்டு முழுவதும் வந்துபோகும் கேபிள் கார் பயணிகளின் பேருந்துகள் எங்கே நிற்கும்? அந்த நாளில் சேவை நிறுத்தப்படுமா? நிறுத்தினால் நிறுவனத்துக்கு நட்டஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறதா? ஆண்டுக்கு இத்தனை பயணிகள் வராவிட்டால் அரசு ஈடுகட்டும் என்று ஏதாவது உறுதி தரப்பட்டிருக்கிறதா? 2017 நவம்பரில் புயல்மழையில் மலையில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பதைப் பார்த்தோம். அப்படி மறுபடி நடந்து கோபுரத் தூண் ஒன்று நிற்கும் சரிவு ஆட்டம் கண்டால், பழுது பார்க்கும் செலவு யாருடையது? நாளை இன்னொரு ஆட்சி வந்து மலையில் கூட்டத்துக்கு வரம்பு கட்ட நினைத்தால், அதற்கு அபராதம் கட்ட வேண்டியிருக்குமா? மேல்நிலையத்தைச் சுற்றிக் கடையும் ஹோட்டலும் கட்டும் உரிமை அந்தத் தாளில் எங்காவது இருக்கிறதா?

இவற்றில் சிலவற்றுக்குத் தாங்கள் செய்தியாளர்களிடம் பதில் சொல்லியிருக்கலாம். வாயால் சொன்ன பதில் ஆட்சி மாறினால் நிற்காது. கையெழுத்திட்ட பிரிவு நிற்கும். அதைத்தான் கேட்கிறேன்.

பினாங்கு தகவல் சுதந்திரச் சட்டத்தை 2011-இல் நிறைவேற்றி, 2015 முதல் நடைமுறைப்படுத்தியது. சிலாங்கூரோடு சேர்ந்து நாட்டிலேயே முதலில் அந்த வழியில் நடந்த மாநிலம் நாம். அதற்காகத் தங்கள் கூட்டணிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சட்டப்படி ஒவ்வொருவரும் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, காத்திருந்து ஒரு தாளைக் கேட்க வேண்டும். கூட்டரசின் அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டம் எந்த நேரமும் குறுக்கே வரலாம். ஊருக்கே சொந்தமான மலையின் ஒப்பந்தத்தை ஒரு குடிமகன் மனுப் போட்டுக் கேட்பது சரியான முறையாகத் தெரியவில்லை. அரசு தானாக முன்வந்து வைக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்கும் சட்டம் இப்படி இருக்கலாம். மாநில நிலத்தையோ பாதுகாக்கப்பட்ட மலை, காடு, கடற்கரையையோ பத்தாண்டுக்கு மேல் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் எந்த ஒப்பந்தமும், கையெழுத்துக்கு மூன்று மாதம் முன் முழுமையாகச் சட்டமன்றத்தில் தாக்கலாக வேண்டும். மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் அதன் சுருக்கம் வெளியாக வேண்டும். வணிக இரகசியம் என்று மறைக்கும் வரிகளைத் தலைமைக் கணக்காய்வாளராவது பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். வரிவிலக்கு தந்தால் எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பது வரவு செலவு அறிக்கையில் தனி வரியாக வர வேண்டும். பின்னால் ஓர் ஆட்சி அந்த உரிமையைப் பறிக்க நினைத்தால், காரணம் எழுத்தில் அவைக்கு வர வேண்டும். நிறுவனத்தின் தலைவர் பேசிய பேச்சோ, கொடுத்த அல்லது கொடுக்காத தேர்தல் நன்கொடையோ அதற்குக் காரணமாகக் கூடாது. இந்தக் கடைசிப் பிரிவு நிறுவனங்களுக்கும் பாதுகாப்பு. இப்படி ஒரு சட்டம் வந்தால் முதலீட்டாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று தங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். இருபது, முப்பது ஆண்டுக்குப் பணம் போட வருபவர் பயப்படுவது விதிமுறையைப் பார்த்து அல்ல, நாளைக்கு யாருடைய மனம் எப்படி மாறுமோ என்பதைப் பார்த்துத்தான். புளோரிடாவில் அந்த அலுவலக வளாகம் நின்றுபோன நேரத்தை மறுபடி எண்ணிப் பாருங்கள்.

எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு சொல். நீங்கள் ஆட்சிக்கு வந்தால் இந்தச் சட்டம் உங்களையும் கட்டும். அதற்குத் தயார் என்று இன்றே சொல்லிவிட்டு இதை ஆதரியுங்கள்.

முதலமைச்சர் அவர்களே, புதிய சட்டத்துக்கு நாள் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். கேபிள் கார் ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்ய எந்தச் சட்டமும் தேவையில்லை. தங்கள் ஆணை போதும். அடுத்த கூட்டத்தொடரிலேயே அதை அவையில் வைத்து, மேலே கேட்ட கேள்விகளுக்கு எந்தப் பக்கத்தில் எந்தப் பிரிவு பதில் தருகிறது என்று குறிப்பிட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுன் வாக்காளர் ஒருவர்